இரும்பு டிரம் புகையடுப்பு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

200 லிட்டர் இரும்பு டிரம்மை வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டதோ, வீட்டிலேயே துளையிட்டுப் பூட்டியதோ, எதுவாயினும் இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் இத்தகைய புகையடுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏழெட்டைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றும் வெளியே எப்படித் தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்குள்ளும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், தகட்டை வெட்டியோ மாற்றியோ தீர்க்க வேண்டிய காரணம் கடைசியிலும் வரும். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். என்னிடம் சரிசெய்யக் கொண்டுவரப்படும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் மூலக் கோளாறு சாம்பலிலோ ஈர விறகிலோ இருக்க, அதைத் தேடாமல் அவசரப்பட்டுப் போட்ட கூடுதல் துளைகளை அடைப்பதே பெரிய வேலையாக அமைந்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகள்

டிரம்மின் விட்டம் ஏறத்தாழ 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 20 மி.மீ. விட்டமுள்ள மூன்று காற்றுத் துளைகள். அவற்றுள் ஒன்றில் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் குழாய் வால்வு), மற்ற இரண்டில் திருகு மூடி. உள்ளே 30 செ.மீ. விட்டமுள்ள கரிக்கூடை, அதன் அடிக்கும் டிரம்மின் தரைக்கும் இடையே 7 செ.மீ. இடைவெளி. கூடையின் அடியிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு. மூடியில் 13 மி.மீ. துளைகள் எட்டு, அல்லது 50 மி.மீ. குழாய் ஒன்று. தட்டின் மட்டத்தில் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக நிற்க வேண்டும். உங்கள் அடுப்பின் அளவுகள் இவற்றிலிருந்து சிறிது மாறினால் பாதகமில்லை. புகை வெளியேறும் துளைகளின் மொத்தப் பரப்பு, காற்று நுழையும் துளைகளின் மொத்தப் பரப்பைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது மட்டுமே கட்டாயம்.

எந்தக் கோளாற்றையும் பார்ப்பதற்கு முன் டிரம்மில் முதலில் என்ன இருந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பூச்சிமருந்து, தின்னர், அமிலம் போன்றவை இருந்த டிரம்மும், என்ன இருந்தது என்றே தெரியாத டிரம்மும் சமையலுக்கு ஆகாதவை; அவற்றுக்குக் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது. அவற்றைக் கிரைண்டரால் அறுப்பதும் கூடாது. உள்ளே தங்கிய ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும்.

அறிகுறி 1: வெப்பம் ஏறவில்லை

வால்வு, திருகு மூடிகள் எல்லாம் திறந்திருந்தும் முள் 90 டிகிரியைத் தாண்டாமல் நிற்கிறது என்பதுதான் வழக்கமான புகார்.

முதல் சோதனை, வெப்பமானி சொல்வது உண்மையா என்பது

மூடியிலோ பக்கச் சுவரிலோ பதித்த வட்ட முள் வெப்பமானியைக் கழற்றி, அதன் தண்டைக் கொதிக்கும் நீரில் பிடியுங்கள். கடலோர ஊர்களில் 100 டிகிரி காட்ட வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை 1 டிகிரி குறையும். ஆகவே கோயம்புத்தூரில் 98 அல்லது 99 காட்டினால் அது சரி, உதகமண்டலத்தில் 92 அல்லது 93 காட்டினாலும் சரி. பின்புறம் சரிசெய்யும் மரை இருந்தால் திருப்பிச் சரிப்படுத்துங்கள். இல்லையெனில் எத்தனை டிகிரி வேறுபாடு என்று மூடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி சரியாக இருந்தும் இடம் தவறாக இருக்கலாம். 5 செ.மீ. தண்டுள்ள கருவி சுவரை ஒட்டிய குளிர்ந்த காற்றையே அளக்கும். தட்டின் நடுப்பகுதி அதைவிட 20, 30 டிகிரி அதிகமாக இருப்பது டிரம் அடுப்பில் இயல்பு. கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைத் தட்டின் மீது இறைச்சியைத் தொடாமல் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால், பாதிப் பேருக்குக் கோளாறே இல்லை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை, மூடியைச் சற்றே தூக்கிப் பார்ப்பது

மூடியின் ஓரத்தில் ஒரு போல்ட்டைச் செருகி, விரல் தடிமன் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பின்னர் வால்வின் வாய் வழியாகக் குனிந்து கூடையைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடும்.

கங்கு பளிச்சென்று சிவந்து, வெப்பம் ஏறத் தொடங்கினால்

தீக்குக் கோளாறு இல்லை. புகை வெளியேற வழி போதவில்லை. மூடித் துளைகளில் புகைப்பிசின் படிந்து விட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், 13 மி.மீ. துளை சில மாதங்களில் 8 மி.மீ.க்குச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் போதும். புகைக்குழாயின் மேல் மழைக்காகப் போட்ட குல்லா மிகத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் 5 செ.மீ. உயர்த்துங்கள். இவை இரண்டும் இல்லையென்றால் மட்டுமே மூடியில் இன்னும் இரண்டு துளைகள் போடலாம். மூடியில் கூடுதலாகப் போட்ட துளையைப் பின்னால் ஒரு போல்ட் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்பதால், துளையிட்டே ஆக வேண்டுமானால் இங்கே இடுவதுதான் ஆபத்தில்லாதது.

கங்கு அப்படியே மங்கிக் கிடந்தால்

கோளாறு கீழே. பெரும்பாலும் சாம்பல்தான். கூடையின் அடிக் கண்ணிகளைச் சாம்பல் அடைத்திருந்தால், எவ்வளவு காற்று நுழைந்தாலும் கரிக்குச் சேராது. கையுறை அணிந்து, டிரம்மின் பக்கத்தைக் கட்டைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். சாம்பல் உதிர்ந்து கங்கு பிடித்துக்கொண்டால் விஷயம் அவ்வளவுதான். தூளும் துண்டுமாக இருக்கும் மூட்டைக் கரியைச் சலிக்காமல் கொட்டினால் இது அடிக்கடி நேரும். மூட்டையின் அடியில் தங்கும் பொடியைக் கூடையில் போடவே வேண்டாம்.

அடுத்தது கரியின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்த மூட்டையில் கிடந்த கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உலர்ந்தது கணீரென்ற ஓசையுடன் உடையும், ஈரமானது சத்தமின்றி மாவாகப் பிளக்கும். வெயிலில் பரப்பிக் காயவைத்தால் சரியாகும்.

மூன்றாவது, பற்றவைத்த கங்கின் அளவு. கூடையில் பற்றாத கரியை நிரப்பி, நடுவில் குழி செய்து, தனியாகப் பற்றவைத்த பதினைந்து இருபது துண்டுகளை அதில் இட்டுத் தொடங்க வேண்டும். ஐந்தாறு துண்டுகளோடு தொடங்கினால் இரண்டு மணி நேரமானாலும் வெப்பம் ஏறாது.

இத்தனையும் சரியாக இருந்து கோளாறு நீடித்தால்தான் காற்றுத் துளைகள் சிறியவை என்று முடிவு செய்ய வேண்டும். 15 மி.மீ. குழாய் பொருத்தியிருந்தால் 20 மி.மீ.க்கு மாற்றுங்கள். குழாய்த் துண்டுக்கு மரை வெட்ட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஹார்டுவேர் கடையில் உடனே கிடைப்பது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. துண்டு; சற்றுத் தாமதமானாலும் பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாயைக் கேட்டு வாங்குவது நல்லது.

அறிகுறி 2: வெப்பம் கட்டுக்குள் நிற்கவில்லை

எல்லாவற்றையும் மூடியும் முள் 150, 170 என்று ஏறிக்கொண்டே போகிறது.

மூடியை இப்போதுதான் திறந்தீர்களா?

ஆம் எனில் அரை மணி நேரம் காத்திருங்கள். திறந்தபோது உள்ளே புகுந்த காற்று கரியைத் தூண்டியிருக்கிறது. மூடிய பின் அது தானே அடங்கும். இடையிடையே திறந்து பார்க்கிறவரின் அடுப்பு ஒருநாளும் அடங்காது.

கொழுப்பு சொட்டித் தீப்பற்றியிருக்கிறதா?

தட்டின் அடியில் மஞ்சள் சுடர் தெரிந்தால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் அடையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் கொழுப்பு நீராவியோடு தெறித்து முகத்தில் படும். தோல் நீக்காத வாத்து, கொழுப்பு மிகுந்த பன்றித் தோள் முதலியவற்றை வைக்கும்போது கூடைக்கு மேலே ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

இரண்டும் இல்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது

கசிவு உண்டா என்பதை உறுதிப்படுத்த, இறைச்சி வைக்காத ஒரு நாளில் அடுப்பை 120 டிகிரிக்குக் கொண்டுவந்து, மேல் துளைகள் உட்பட அனைத்தையும் அடைத்துவிடுங்கள். வெப்பம் அரை மணிக்குள் தெளிவாக இறங்கத் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குப் பிறகும் 100 டிகிரிக்கு மேலேயே நின்றால் கசிவு நிச்சயம்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி இல்லை. காற்றில்லாத நேரத்தில், கீழ்த் துளைகளை மூடி, மேல் துளைகளைத் திறந்து வைத்து, எரியும் ஊதுபத்தியை டிரம்மின் அடிப்பாகத்தைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். நேராக எழும் புகைக்கோடு ஓரிடத்தில் வளைந்து தகட்டை நோக்கி இழுக்கப்படும். சாக்பீசால் அங்கே குறியிடுங்கள். கூடைக்கான தாங்குகால் போல்ட்டுகளின் சுற்றும், குழாய்த் துண்டுகளின் பற்றவைப்பும், அடிப்பகுதித் தையல் விளிம்பும் வழக்கமான இடங்கள். மூடியின் விளிம்புக்கு வேறு வழி: இரவில் டிரம்முக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடியைப் போட்டு, சுற்றி வந்து வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள்.

போல்ட்டின் சுற்றில் கசிந்தால் வாஷரோடு இறுக்குங்கள். பற்றவைப்பில் ஊசித்துளை இருந்தால் பட்டறையில் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆனால் தகடு 1 மி.மீ. அளவே உள்ளதால் தடித்த வெல்டிங் குச்சி வைத்தால் துளை பெரிதாகும். 2.5 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய குச்சியில், குறைந்த ஆம்பியரில், விட்டு விட்டு வைக்கச் சொல்லுங்கள். மிக் வெல்டிங் (குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பியைத் தொடர்ந்து ஊட்டிப் பற்றவைக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறையாக இருந்தால் இன்னும் நல்லது.

மூடியின் விளிம்பில் இடைவெளி இருந்தால் முதலில் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். டிரம்மும் மூடியும் சிறிது கோணியிருக்கும், ஏதேனும் ஒரு நிலையில் இரண்டும் பொருந்திவிடும். அந்த நிலையை இரண்டிலும் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் மரக்கட்டை வைத்துத் தட்டி நேராக்குங்கள். அதிலும் அடையாவிட்டால் அடுப்புக் கதவுகளுக்குப் போடும் கண்ணாடியிழைக் கயிறோ பட்டையோ வாங்கி ஒட்டலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: பாய்லர் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைக் கயிறு என்று கேட்டால் கல்நார்க் கயிற்றை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை, எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

மூடி இல்லாத, மேலும் கீழும் மூடிய டிரம்மை வாங்கி, அதன் மேல்தட்டையே அறுத்து மூடியாக்கிய அடுப்புகளில் இந்தக் கசிவை முழுதாக நிறுத்துவது கடினம். விளிம்பைச் சுற்றி 25 மி.மீ. பட்டை இரும்பை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். அது அனுபவமுள்ள ஃபேப்ரிகேட்டர் வேலை. அவர் கேட்கும் கூலியை, வளையத்தோடு கூடிய திறந்த வாய் டிரம்மின் விலையோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.

அறிகுறி 3: இறைச்சி கசக்கிறது, வெள்ளைப் புகை அடர்ந்து வருகிறது

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். புகை அதிகமாக வருவதே புகையடுப்பின் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். நல்ல புகை கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் மெல்லிய நீலச் சாயல் இருக்கும். பஞ்சு போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திரண்டு வந்தால் அது இறைச்சியின் மேல் தார் போலப் படியும்.

ஐயமிருந்தால் ஒரு வெள்ளைப் பீங்கான் சாசரைப் புகைத்துளைக்கு மேலே ஒரு நிமிடம் கவிழ்த்துப் பிடியுங்கள். லேசான மஞ்சள் படலம் இருந்தால் இறைச்சியை உள்ளே வைக்கலாம். விரலில் ஒட்டும் பழுப்புப் பிசின் இருந்தால் வைக்கக் கூடாது.

தீ மூட்டி அரை மணி நேரத்திற்குள் என்றால்

கோளாறு இல்லை, கரி இன்னும் பிடிக்கவில்லை. வெள்ளைப் புகை தீர்ந்த பிறகே இறைச்சியை வையுங்கள். விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று இந்த அரை மணியை மிச்சப்படுத்தியதால்தான் பெரும்பாலான கசப்பு வருகிறது.

ஒரு மணி நேரம் கழித்தும் வந்தால், விறகைப் பாருங்கள்

கூடையில் பாதி எரிந்த கட்டை ஒன்றை இடுக்கியால் எடுத்து, வெட்டுமுனையைப் பாருங்கள். அங்கே நுரை கொப்பளித்துச் சீறினால் அது பச்சை விறகு. விறகுத்தொட்டியில் காய்ந்தது என்று சொல்லித் தருவது வெளிப்பட்டை மட்டும் காய்ந்ததாக இருக்கும். உலர்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து விரியும் வெடிப்புகள் இருக்கும். பட்டை கையோடு வரும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் மந்தமாக ஒலிக்காது. ஈரமானி இருந்தால், புதிதாகப் பிளந்த உட்புறத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். கருவி இல்லாதவர் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு வாரம் வெயிலில் வைத்து மீண்டும் நிறுக்கலாம். எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தால் அது காயவில்லை. விறகைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

விறகு காய்ந்திருந்தும் கசந்தால், எந்த மரம் என்று பாருங்கள்

மா, கொய்யா இரண்டும் நம்பத்தக்கவை. சீமைக்கருவேலம் எங்கும் கிடைக்கிறது. டெக்சாஸில் இறைச்சி சுட வைக்கும் மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு அது. அந்த மரத்தைப் போலவே இதன் புகையும் காரமானது. கோழிக்கு உள்ளங்கை அளவில் ஒரு துண்டு போதும். பெரிய இறைச்சிக்கு இரண்டு, மூன்று. ராமநாதபுரம் பக்கத்து மூட்டங்களில் சுட்ட சீமைக்கருவேலங்கரியாக வாங்கினால் இந்தக் காரம் பெரும்பாலும் போயிருக்கும். கரியை அடிப்படை எரிபொருளாகவும் மா அல்லது கொய்யாவை வாசத்துக்காகவும் வைத்துக்கொள்வதுதான் என் விருப்பம். தைலமரம், பிசின் வடியும் ஊசியிலை மரங்கள் ஆகியவை வேண்டாம். பிளைவுட், பாலிஷ் போட்ட மரச்சாமான், சாரத்துக்குப் பயன்படுத்திய சிமெண்டு படிந்த கட்டை ஆகியவை எந்த அடுப்புக்கும் ஆகா.

மரமும் சரி, ஈரமும் இல்லை என்றால், தீ மூச்சுத் திணறுகிறது

வெப்பத்தைக் குறைக்க மேல் துளைகளை மூடும் பழக்கம் இருக்கிறதா? வெப்பத்தைக் கீழ் வால்வால் மட்டுமே கட்டுப்படுத்த வேண்டும். மேல் துளைகள் சமைக்கும் நேரம் முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். அதைச் செய்தும் வெள்ளைப் புகை வந்தால், கூடையில் கரி அளவுக்கு மீறி எரிந்துகொண்டிருக்க, நீங்கள் காற்றை முற்றிலும் சுருக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த முறை குறைந்த கங்கோடு தொடங்கி வால்வைக் கூடுதலாகத் திறந்து வையுங்கள்.

கசப்போடு இரசாயன நெடியும் இருந்தால்

உடனே இறைச்சியை அகற்றிக் கொட்டிவிடுங்கள். டிரம்மின் உட்சுவரில் பழுப்பு, சிவப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வழவழப்பான பூச்சு எங்கேனும் மிச்சம் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேல் விளிம்பின் மடிப்பிலும் அடித் தையலிலும்தான் அது தப்பிக் கிடக்கும். டிரம் நிறைய விறகு போட்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கத்தில் நின்று முழுதாக எரித்து, பின்னர் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம். தேய்க்க முடியாத அளவில் பூச்சு இருந்தால் மணல் வீச்சு செய்யும் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

அறிகுறி 4: இறைச்சியின் மேல் கறுப்புச் செதில் அல்லது கறுப்புச் சொட்டு

செதில் விழுந்தால் பெயிண்ட் உரிகிறது என்று பயப்படுவார்கள். உட்புறம் பெயிண்டே அடிக்காதபோது அது உரிய வழியில்லை. மூடியின் உட்புறத்தில் கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகிய கரிப் படலம் அது. ஆறிய பின் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். தோசைத் திருப்பியால் மூடியை மட்டும் சுரண்டி, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பக்கச் சுவர்களைத் தொட வேண்டாம். அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது.

சொட்டு விழுந்தால் காரணம் வேறு: குளிர்ந்த மூடியில் ஈரப்புகை படிந்து நீராகி வழிகிறது. அறிகுறி 3இல் சொன்ன விறகுச் சோதனையை முதலில் செய்யுங்கள். விறகு சரியென்றால், இறைச்சி வைப்பதற்கு முன் மூடியைப் போட்டு அடுப்பை நன்றாகச் சூடேற்றுகிறீர்களா என்று பாருங்கள். புகைக்குழாய் வைத்த மூடியாயின், குழாயின் உட்சுவரில் வழியும் கசடு நேராகத் தட்டின் மேல் விழும். குழாயின் நேர்கீழே இறைச்சியை வைக்காமலிருப்பதே போதுமான தீர்வு.

அறிகுறி 5: ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகவில்லை

கூடை நடுவில் இருக்கிறதா என்று நாடாவால் அளந்து பாருங்கள். திறந்த வால்வு காற்று வீசும் திசையை நோக்கியிருந்தால் டிரம்மைத் திருப்புங்கள். இரண்டும் சரியென்றால், கூடைக்கு 15 செ.மீ. மேலே துளையிட்ட இரும்புத் தட்டு ஒன்றைத் தொங்கவிடலாம்; ஆனால் அதனால் கொழுப்பு கங்கில் விழுந்து எழும் வாசம் குறையும். அதற்குப் பதிலாக ஒரு மணிக்கு ஒருமுறை இறைச்சியைத் திருப்பி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அறிகுறி 6: அடுப்பு சூடாக இருக்கிறது, இறைச்சியின் உள்வெப்பம் நின்றுவிட்டது

ஆட்டின் முழுத் தொடை, பன்றித் தோள், மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற பெரிய துண்டுகளில், 65 முதல் 75 டிகிரிக்குள் ஏதோவொரு புள்ளியில் உள்வெப்பம் சில மணி நேரம் அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதே காரணம். அடுப்பில் கோளாறு இல்லை. வால்வைத் தொட வேண்டாம். நேரம் நெருக்கினால் இரண்டு சுற்று அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி மீண்டும் வையுங்கள்; ஏறத் தொடங்கும். நார் பிரியும் பதத்துக்கு 93 முதல் 96 டிகிரி வேண்டும்.

கோழியில் இப்படி நின்றால் அது வேறு விஷயம். கோழி பொதுவாக இடையில் நிற்காது. கரி தீர்ந்திருக்கும், அல்லது வெப்பமானியின் கம்பி எலும்பைத் தொட்டிருக்கும். கம்பியை மாற்றிக் குத்திப் பாருங்கள். தொடையின் உட்பகுதி 74 டிகிரியைத் தொடாமல் பரிமாற வேண்டாம். எந்த இறைச்சியாயினும் நான்கு மணி நேரத்திற்குள் உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் அதைக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுவதே முறை.

அறிகுறி 7: கூடையிலோ தட்டிலோ ஒட்டிக்கொண்ட வெள்ளைப் பொடி

சாம்பல் ஊதினால் பறக்கும். ஊதியும் போகாமல் கம்பியோடு ஒட்டியிருக்கும் பொடி, சூட்டில் மஞ்சளாகவும் ஆறியதும் வெள்ளையாகவும் தெரிந்தால் அது துத்தநாகம் எரிந்த மிச்சம், யாரோ ஜி.ஐ. வலையில் கூடை செய்து கொடுத்திருக்கிறார்கள். துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. கங்கு படும் கூடையோ அதைப் போல் பல மடங்கு சூடாகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும். வெல்டர்கள் அதை நன்கு அறிவார்கள். கூடையை அப்புறப்படுத்தி, பூச்சில்லாத எக்ஸ்பேண்டட் மெஷ்ஷில் (தகட்டைக் கீறி இழுத்துச் செய்த வலையில்) புதிதாகச் செய்யுங்கள். பழைய ஃபிரிட்ஜின் கம்பித்தட்டை இறைச்சித் தட்டாகப் பயன்படுத்தியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதன் பூச்சில் காட்மியம் இருக்கக்கூடும். 304 வகை எவர்சில்வர் கம்பியில் செய்த தட்டுக்கு ஒருமுறைதான் செலவு.

அடுப்பின் அருகே இருந்தவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் அதைச் சமையல் களைப்பு என்று ஒதுக்க வேண்டாம். கரியின் கார்பன் மோனாக்சைடுக்கு நெடி கிடையாது. அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுக்குமாடி பால்கனி, கார் நிறுத்துமிடம், தகரக் கொட்டகை ஆகியவை இந்த அடுப்புக்கு உரிய இடங்கள் அல்ல. மழைக்கு ஒதுக்கும்போதுதான் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி 8: பெயிண்ட் உரிகிறது, துரு ஏறுகிறது

வெளியே, கூடையின் மட்டத்தில் மட்டும் உரிந்தால்

சாதாரண எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உலோகம் தெரியும்படி தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசை நீக்கி, 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயிண்ட்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்துங்கள். அந்தச் சூடேற்றலைத் தவிர்த்தால் நல்ல பெயிண்டும் உரியும்.

உள்ளே துரு என்றால்

மேலோட்டமான செந்நிறம் பிரச்சினையில்லை. வயர் பிரஷால் தேய்த்து, சூரியகாந்தி எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, 130 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வெறுமனே எரியவிட்டால் கறுப்புப் படலம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

துரு மீண்டும் மீண்டும் அடித்தரையில் மட்டும் வந்தால் சாம்பலை அள்ளாமல் விடுகிறீர்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலமே அதற்குப் போதும். ஒவ்வொரு முறையும் முழுதாக ஆறிய மறுநாள் சாம்பலை அள்ளிவிட்டு, டிரம்மைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

அடியில் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போனால்

டிரம்மைக் கவிழ்த்து, தையல் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ஓரிரு இடங்களில் மட்டும் தகடு மெலிந்திருந்தால் 3 மி.மீ. தகட்டை வட்டமாக வெட்டி உள்ளே இட்டுப் பற்றவைக்கப் பட்டறையில் சொல்லலாம். முனை பல இடங்களில் உள்ளே போனால் பற்றவைக்கப் பிடிமானமே இருக்காது. வெல்டர் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துத் தகட்டை உருக்கும். புதிய டிரம் வாங்கி, கூடை, கம்பித்தட்டு, வால்வு, குழாய்த் துண்டுகள் ஆகியவற்றைக் கழற்றி அதில் பூட்டுவதே மலிவு. பழையதை இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன், மூடியும் வளையமும் புதியதில் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் துளையிட்டுப் பழகிய மூடி ஒன்று உதிரியாகக் கிடைக்கும்.